பேய் ரூமில் தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரிக்கு வண்டிகள் வந்து குவிகின்றன. கடற்கரைக்கு, பேக்கரிக்கு, சரக்குக்கு என்று வருகிறவர்களின் நடுவே இன்னொரு ரகமும் உண்டு. "பழைய பிரெஞ்சு வீடா பாருங்க, ஏதாவது கதை இருக்கிற வீடா இருந்தா இன்னும் நல்லது" என்று ரூம் தேடுகிறவர்கள். சிலர் பேயைப் பார்க்க வருகிறார்கள், சிலர் அப்படி ஒன்று இல்லை என்று நிரூபிக்க வருகிறார்கள். இரண்டு கட்சியும் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். ராத்திரிக்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வெளிநாட்டு வழக்கத்தை இங்கே எதிர்பார்ப்பதில் ஆரம்பிக்கிறது வம்பு. இங்கிலாந்தில் எத்தனையோ பழைய விடுதிகள் தங்கள் பேயை விளம்பரமாகவே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டான்லி ஹோட்டல் என்று ஒன்று. எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1974இல் அங்கே 217ஆம் எண் அறையில் தங்கினார் என்பதற்காகவே அந்த அறைக்குக் கிராக்கி. நியூயார்க்கில் 1991இல் ஒரு வழக்கு. தன் வீட்டில் பேய் உண்டு என்று பத்திரிகை வரை சொல்லி வந்த அம்மாள், வீட்டை விற்கும்போது மட்டும் வாங்குகிறவரிடம் வாயைத் திறக்கவில்லை. 'சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வீட்டில் பேய் உண்டு' என்று தீர்ப்பிலேயே எழுதி, வாங்கியவர் பின்வாங்க வழி செய்தது நீதிமன்றம்.

நம் ஊரில் கதை தலைகீழ். பேய் வீடு என்று பெயர் விழுந்தால் குடி வர ஆள் இருக்காது, விலையும் படியாது. பங்காளித் தகராறில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி இப்படி ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டு, அடிமாட்டு விலைக்குக் கேட்பது புரோக்கர்கள் அறியாத வித்தை ஒன்றும் இல்லை. அதனால் வரவேற்பு மேசையில் நாலு பேர் நிற்கும்போது "இங்க பேய் இருக்காமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பது, அந்த உரிமையாளரின் பிழைப்பைப் பற்றிக் கேட்பது. அவர் முகம் இறுகினால் அதற்கு மர்மக் காரணம் தேட வேண்டாம்.

அடுத்து வாட்ச்மேன். ஏறக்குறைய எல்லாப் பேய்க் கதைக்கும் ஊற்றுக்கண் அவர்தான். உரையாடல் இப்படித்தான் போகும்.

"அண்ணே, ராத்திரில இங்க ஏதாவது நடமாட்டம் இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"இல்லண்ணே, மாடி ரூம்ல ஏதோன்னு கேள்விப்பட்டோம். பொம்பளை அழற சத்தமாமே?"

"அது… எப்பவாச்சும் கேக்கும்னு சொல்லுவாங்க சார்."

இதில் கதை சொன்னது யார்? கேட்டவர்தான். மாடி, பொம்பளை, அழுகை மூன்றையும் அவரே கொடுத்து, கடைசியில் நூறு ரூபாயும் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் வருகிறவருக்கு அதே கதை கொஞ்சம் கொலுசுச் சத்தத்தோடு கிடைக்கும். வாட்ச்மேனைப் பொய்யர் என்று சொல்லவில்லை. விரும்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால், தங்கி முடித்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்த பிறகு, மறுநாள் பகலில் கேளுங்கள். "எத்தனை வருஷமா இருக்கீங்க, ராத்திரி டியூட்டி எப்படி?" என்று பொதுவாக ஆரம்பித்தால் போதும்.

கதையின் காலத்தைச் சரிபார்க்காமல் நம்புவதும் நடக்கிறது. ஒயிட் டவுனில் "டூப்ளே காலத்து வீடு, அந்தக் காலத்து பிரெஞ்சு அதிகாரியோட ஆவி" என்று யாராவது சொன்னால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததும், ஊரின் கோட்டையையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்துதான் மறுபடி எழுப்பினார்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஊரை விட்டுப் போனதோ 1754இல். கடலூரிலும் அப்படியே. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் வாங்கினார்கள் ஆங்கிலேயர்கள். 1758இல் அதைப் பிடித்து இடித்துப் போட்டார்கள் பிரெஞ்சுக்காரர்கள். கிளைவ் அங்கே ஆளுநராக இருந்தது உண்மை. அவர் படுத்த கட்டில் இதுதான் என்று ஒரு விடுதியில் காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். ஆவி உலவக் கட்டடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது ரூமுக்கு எதற்குக் கூடுதல் வாடகை?

பழைய கட்டடத்தின் சத்தம் தெரியாமல் அதில் தங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு வீடு சத்தம் போடும் என்பதே தெரியாது. புதுச்சேரியின் பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புச் சாந்து போட்டு இறுக்கியது. பகல் முழுக்க வெயிலில் விரிந்த மரம் ராத்திரியில் சுருங்கும்போது டக், டக் என்று விட்டு விட்டுச் சத்தம் வரும். யாரோ மாடியில் நடப்பது போலவே இருக்கும். காற்றும் திசை மாறும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வந்த கடல்காற்று ராத்திரியில் அடங்கி, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீச ஆரம்பிக்கும். மாலையெல்லாம் அசையாமல் இருந்த மேற்குப் பக்கத்துச் சன்னல் நள்ளிரவுக்கு மேல் திடீரென்று அடித்துக்கொள்வது அதனால்தான்.

அப்புறம் கூரையில் குடியிருக்கும் பிராணிகள். மரநாய் ஓடினால் பூனை ஓடுவது போல மெத்தென்று இருக்காது, ஆள் ஓடுவது போலக் கேட்கும். சாக்குருவி என்று பழி சுமக்கும் கூகையின் அலறலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் குஞ்சுகள் இன்னும் மோசம், மனிதர் குறட்டை விடுவது போலச் சீறிக்கொண்டே இருக்கும். கடலோர வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து, ஈரம் பரவி, அதில் கண்ணும் வாயுமாக ஒரு முகம் தெரியும். பகலிலேயே சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ராத்திரி அந்த முகம் புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒப்பிடலாம். அறைக்குள் போனதும் விளக்கு எல்லாம் போட்டுப் பார்ப்பது, எந்தத் தாழ்ப்பாள் விழாது, எந்தக் குழாய் ஒழுகும், இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு சுற்று சுற்றுவது இதெல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டிய வேலை. அநேகம் பேர் இருட்டிய பிறகுதான் ரூமுக்கே வருகிறார்கள்.

வரும்போது எந்த நிலையில் வருகிறார்கள் என்பதும் இருக்கிறது. முந்தின நாள் வேலை, விடியற்காலையில் பயணம், சாயங்காலம் மது, ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கை. மது முதல் பாதி ராத்திரியில் கனவுத் தூக்கத்தை அமுக்கிவைக்கும். பின்பாதியில் அது மொத்தமாகத் திரும்பி வரும். கனவுத் தூக்கத்தின்போது உடம்பின் தசைகளை மூளை அணைத்து வைத்திருக்கும். சில சமயம் நினைவு முந்திக்கொண்டு விழித்துவிடும், உடம்பு விழிக்காது. கையை அசைக்க முடியாது, கத்த வராது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள், அறை மூலையில் ஓர் உருவம் நிற்கும். நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்று சொன்னது இதைத்தான். தூக்கம் கெட்டிருந்தாலும் மல்லாந்து படுத்தாலும் இது வரும் வாய்ப்பு கூடுதல். போதாததற்குப் புது இடம் வேறு. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பக்கம் மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகியும் யூகா சசாகியும் 2016இல் காட்டினார்கள். ஆக, எந்த லாட்ஜில் படுத்தாலும் முதல் ராத்திரி சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வரும். பேய் ரூமைச் சோதிக்க விரும்புகிறவர் முதல் நாளை அதே ஊரில் வேறொரு சாதாரண ரூமில் கழித்துவிட்டு வந்தால், எது ஊரால் வந்தது, எது ரூமால் வந்தது என்று கொஞ்சமாவது பிரிக்கலாம். யாரும் செய்வதில்லை. செலவு என்பார்கள்.

கருவிகளைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. காந்தப்புலம் காட்டும் மீட்டர் பழைய வயரிங்குக்கும், உங்கள் சட்டைப்பையில் உள்ள போனுக்கும் கத்தும். துப்பாக்கி மாதிரி நீட்டுகிற தெர்மாமீட்டர் காற்றின் குளிரைச் சொல்லாது, எதிரில் இருக்கும் சுவரின் குளிரைச் சொல்லும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள் தூசியும் கடற்காற்றின் ஈரத்துளியும். ஒரு நோட்டும் கடிகாரமும் இவற்றைவிட உபயோகம். உடன் வந்தவர்கள் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, அதுதான் கஷ்டம்.

இனி பகுத்தறிவுக் கட்சிக்கு. எதைச் சொன்னாலும் "அது காதுக்குக் கேட்காத ஒலி அலை" என்று முடித்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சாம்பல் உருவத்துக்கு, ஒரு மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று 1998இல் எழுதினார். நல்ல கதை. ஆனால் 2009இல் லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்சும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 79 பேரைத் தனித்தனியாக ஓர் அறைக்குள் அனுப்பி, இந்த ஒலி அலையையும் மின்காந்தப் புலத்தையும் சிலருக்குப் போட்டும் சிலருக்குப் போடாமலும் பார்த்தார்கள். பலருக்கும் விசித்திர உணர்வுகள் வந்தன, ஆனால் கருவி ஓடியதற்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. 'ஏதாவது தோன்றலாம்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததே போதுமான காரணமாக இருக்கலாம் என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த இடம். காரணம் தெரியாதபோது அறிவியல் வாசனை உள்ள ஒரு பதிலை எடுத்து ஒட்டுவதும் மூடநம்பிக்கையின் தம்பிதான்.

நம்புகிறவர்களைக் கிண்டல் செய்வது இன்னொன்று. ரூம் வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தையும் படிகாரத்தையும் கழற்றி வைத்துப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவீர்கள். அறையைப் பெருக்கும் அக்கா திங்கட்கிழமையும் அதே வாசலில் தனியாக நுழைய வேண்டும். பேய் என்றாலே அச்சம் என்று எல்லோருக்கும் பொருள் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். இதே புதுச்சேரி மாநிலத்தின் காரைக்காலில்தான், தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்ட அம்மையாருக்குக் கோயில் எழுப்பி, ஆனி மாதம் மாம்பழம் இறைத்துத் திருவிழா எடுக்கிறார்கள்.

விடுதி போதவில்லை என்று பாழடைந்த பங்களாவுக்குள் சுவர் ஏறிக் குதிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அத்துமீறி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். புதுச்சேரி கடற்கரையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டடமே, அதாவது பழைய நகராட்சிக் கட்டடமே, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், பராமரிப்பே இல்லாத உத்திரத்தின் கீழ் ராத்திரி படுப்பது என்ன தைரியம்? பாம்பு, தேள், மூடாத கிணறு வேறு.

புயல் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரும் புதுச்சேரியும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட ராத்திரியில் சன்னலை அடைத்துவிட்டு, ஜெனரேட்டரை வராந்தாவில் ஓட்டுவதோ, கரித்தணலில் சாம்பிராணி போட்டு அறைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்குவதோ உயிரை வாங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதை வெளியானது. காலடிச் சத்தம், படுக்கையருகே உருவங்கள், தலைவலி, சோர்வு. கடைசியில் வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த அந்த வாயுதான் காரணம். ரூமில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், கேமராவை எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், சமீபத்தில் வீட்டில் சாவு கண்டவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம். ராத்தூக்கம் கெடுவதே அவர்களுக்குப் போதும். போய் வந்த பிறகு வாரக்கணக்கில் தூக்கம் வராமல், பயம் விடாமல் இருந்தால், கோவிலுக்கும் போங்கள், ஜிப்மர் மனநலப் பிரிவுக்கும் போங்கள். ஒன்று மற்றதைத் தடுக்காது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எந்தச் சாவைக் கதையாக்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவனாம்பட்டினம் பக்கம் ரூம் எடுத்துக்கொண்டு, "ராத்திரி கடல்ல குரல் கேக்குமா?" என்று மீனவக் குடும்பங்களிடம் மைக்கை நீட்டுகிறவர்களுக்கு, அந்த வீட்டில் மாலை போட்ட படம் இருக்கலாம் என்று தோன்றுவதில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய சிப்பாயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அழுகிறவர்கள் உயிரோடு இருக்கும் சாவைப் பற்றிப் பேசக்கூடாது.

கடைசியாக, வீடியோ. ஒன்றும் நடக்காத ராத்திரியை யாரும் பதிவேற்றுவதில்லை, அதனால் பார்க்கிறவர்களுக்கு எல்லா ராத்திரியிலும் ஏதோ நடக்கிற மாதிரி தெரிகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள். நடந்தது என்று நினைத்தால் முதலில் உரிமையாளரிடம் சொல்லுங்கள், தளர்ந்த சன்னல் கொக்கியாக இருந்தால் மாற்றிவிடுவார். எப்படி இருந்தாலும் தெருப் பெயரும் வாசல் படமும் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.