மசில் காருக்குக் கார்புரேட்டர் வாங்குவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் டெட்ராய்ட்டை ஒட்டி, உட்வர்ட் அவென்யூ ஓரமாகப் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் ஒரு தம்பி தன் காரைக் காட்டினார். 1971 ஷெவர்லே நோவா, 350 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார், மசில் கார் என்பார்களே, அந்த வகை. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, இதைப் பாருங்க" என்று ஆசையோடு டிக்கியைத் திறந்தார். பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் 850 அளவு டபுள் பம்பர் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது), இன்னொன்றில் சிங்கிள் பிளேன் இன்டேக் மேனிஃபோல்டு (அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, நடு அறை பிரிக்காத வகை).

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஏறத்தாழ இதே ஜோடியை நானும் வாங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலை அல்ல. அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடாதே, ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

பெரிய கார்புரேட்டர் என்றால் பெரிய பவர் என்று நினைப்பது

என் கார் 1972 செவெல். அதே 350, அதே ஆட்டோமேட்டிக், கம்பெனி கன்வெர்ட்டர் (எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியரோடு இணைப்பது), பின் ஆக்ஸில் 3.08 (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் தண்டு 3.08 முறை சுற்றும்). உதிரிபாகச் சந்தையில் ஒருவர் 750 டபுள் பம்பரையும் சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டையும் சேர்த்து மலிவாகக் கொடுத்தார். ஒரு வார இறுதியில் மாட்டிவிட்டேன். சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் ஒரு நொடி மூச்சடைத்து நின்று, அப்புறம்தான் நகரும். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்.

நான் செய்த மிகப் பெரிய தவறு அடுத்து வந்ததுதான். கார்புரேட்டர் தப்பாக இருக்கலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. பிளக்கை மாற்றினேன், டைமிங்கை மாற்றினேன். மிதித்தவுடன் கூடுதலாகப் பெட்ரோல் விழட்டும் என்று பெரிய ஸ்குவர்ட்டர் போட்டேன், பெட்ரோல் போகும் துளையான ஜெட்டையும் இரண்டு அளவு பெரிதாக்கினேன். மூச்சடைப்பு குறைந்தது, பின்னால் கரும்புகை வந்தது. அதையும் பவர் என்று நம்பி ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டினேன். அக்டோபரில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அளவு ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் எஞ்சினைப் பிரித்தேன். ரிங்குகள் தேய்ந்திருந்தன, பேரிங்குகளில் செம்பு தெரிந்தது. மலிவாகக் கிடைத்த கார்புரேட்டருக்காக முழு எஞ்சின் வேலை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் ஐந்து நிமிடக் கணக்கு போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கணக்கு இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழு அளவுக்குக் காற்றை இழுக்கும். 350 கன அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 175. நிமிடத்துக்கு 5500 சுற்று ஓடினால் 9,62,500 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம் என்பதால் நிமிடத்துக்கு 557 கன அடி. அதுவும் சிலிண்டர் முழுசாக நிரம்பினால்தான். சாலையில் ஓடும் சாதாரண எஞ்சின் 85 சதவீதம் நிரம்பினாலே நல்லது. அப்படிப் பார்த்தால் 473. கார்புரேட்டரின் மேல் எழுதியிருக்கும் 600, 750, 850 எல்லாம் இதே நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்குதான். 473 கேட்கிற எஞ்சினுக்கு 600 தாராளம்.

சரி, பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? கார்புரேட்டர் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுவதில்லை, எஞ்சின்தான் இழுக்கிறது. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தான வெஞ்சுரியில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. ஓட்டை பெரிதாக, இழுப்பு சிறிதாக இருந்தால் காற்று மெதுவாகப் போகும். பெட்ரோல் தாமதமாக வரும், வந்தாலும் பொடியாகச் சிதறாமல் துளித்துளியாக விழும். நீங்கள் தினமும் ஓட்டும் வேகத்தில்தான் இந்தக் கோளாறு முழுக்க இருக்கும்.

இந்தக் கார்புரேட்டர்களில் காற்றுத் துளைகள் நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதனால் ஃபோர் பேரல் என்பார்கள். டபுள் பம்பரில் பின் இரண்டு துளைகளும் உங்கள் காலோடு சேர்ந்தே திறக்கும். எஞ்சினுக்குத் தேவையா இல்லையா என்று அது பார்க்காது. வேக்குவம் செகண்டரி என்ற இன்னொரு வகையில், முன் துளைகளில் காற்று போதுமான வேகத்தில் போனால்தான் பின் துளைகள் திறக்கும். எடை கூடிய கார், ஆட்டோமேட்டிக் கியர், சாதாரண ஆக்ஸில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேக்குவம் செகண்டரி வாங்குங்கள். ஹாலி நிறுவனத்தின் 1850 என்ற 600 அளவுக் கார்புரேட்டரை 350 எஞ்சினில் மாட்டி நான் வருத்தப்பட்டதே இல்லை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "கேமரோ இசட்/28-ல் வெறும் 302 எஞ்சினுக்கே ஷெவர்லே 780 ஹாலி போட்டதே!" போட்டது உண்மை. ஆனால் அந்த 780 வேக்குவம் செகண்டரி. 1967 முதல் 1969 வரை அந்தக் கார் நான்கு கியர் மேனுவலோடு மட்டுமே வந்தது, பின் ஆக்ஸில் 3.73, எஞ்சின் 7000 சுற்றை விரட்டுவதற்காகவே செய்யப்பட்டது. 1970-ல் 450 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற செவெல் எல்எஸ்6, அந்த 454 எஞ்சினில் இருந்ததும் 780 ஹாலிதான். 302-க்கும் 454-க்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தியது? தேவையான அளவுக்கு மட்டும் திறந்துகொண்டதால். அந்த உதாரணத்தை வைத்துக்கொண்டு 3.08 ஆக்ஸில் காருக்கு 850 டபுள் பம்பர் வாங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

மேனிஃபோல்டைத் தனியாகத் தேர்ந்தெடுப்பது

கார்புரேட்டர், மேனிஃபோல்டு, கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கன்வெர்ட்டர், ஆக்ஸில் எல்லாம் ஒரே சுற்று வேகத்தில் வேலை செய்ய வேண்டும். எடல்பிராக் நிறுவனத்தின் பெர்ஃபார்மர் மேனிஃபோல்டு ஐட்லிங்கிலிருந்து 5500 வரைக்கும், பெர்ஃபார்மர் ஆர்பிஎம் 1500 முதல் 6500 வரைக்கும் என்று அந்த நிறுவனமே எழுதித் தருகிறது. சிங்கிள் பிளேன் விக்டர் ஜூனியருக்கு 3500 முதல் 8000. இப்போது உங்கள் காரைப் பாருங்கள். 3.08 ஆக்ஸில், 27 அங்குல டயர் என்றால் மணிக்கு 60 மைலில் எஞ்சின் ஏறத்தாழ 2300 சுற்றுதான் ஓடும். விக்டர் ஜூனியர் விழித்துக்கொள்ளும் வேகத்தை நீங்கள் நாள் முழுக்க ஓட்டினாலும் அபூர்வமாகத்தான் தொடுவீர்கள்.

பெர்ஃபார்மர் போன்ற டூயல் பிளேனில் நடு அறை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாதியும் நான்கு சிலிண்டருக்கு, எரியும் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக, காற்று கொடுக்கும். வழிகள் நீளம், இழுப்பு பலம். சாலைக்கு அதுதான். பார்க்க அழகில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

குவாட்ராஜெட்டைக் கழற்றி எறிவது

1965-ல் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டைப் போல் அநியாயமாகப் பழி சுமந்த கார்புரேட்டர் வேறில்லை. முன் துளைகள் சின்னவை, அதனால் ஊருக்குள் பிக்கப்பும் மைலேஜும் நன்றாக இருக்கும். பின் துளைகள் மிகப் பெரியவை, அவற்றின் மேல் இருக்கும் ஏர் வால்வ் எஞ்சின் கேட்கும் அளவுக்கே திறக்கும். மூச்சடைக்கிறது என்று தூக்கிப் போடுபவர்களில் பலர் அந்த ஏர் வால்வின் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. உடல் வளையாமல், த்ராட்டில் தண்டு ஆடாமல் இருந்தால் ஒரு ரிப்பேர் கிட்டும் ஒரு சாயங்காலமும் போதும்.

அடாப்டர் தட்டு

குவாட்ராஜெட்டுக்கான மேனிஃபோல்டில் சதுரத் துளைக் கார்புரேட்டரை (நான்கு துளையும் ஒரே அளவு) உட்கார வைக்கும் மெல்லிய தட்டுகள் ஓரங்களில் வெளிக்காற்றை உள்ளே விடும். வேண்டாம்.

டூ பேரல் எண்ணை ஃபோர் பேரல் எண்ணோடு ஒப்பிடுவது

ஃபோர் பேரலை 1.5 அங்குல (பாதரச அளவு) வேக்குவத்திலும் டூ பேரலை 3 அங்குலத்திலும் சோதித்து எண் கொடுக்கிறார்கள். 500 டூ பேரல் என்பது ஃபோர் பேரல் கணக்கில் 350 சொச்சம்தான்.

ஹெட் எது என்று பார்க்காமல் ஆர்டர் போடுவது

பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக் (350 சேர்ந்த வி8 எஞ்சின் குடும்பம்) ஹெட்டுக்கு மேனிஃபோல்டில் 12 போல்ட், 1996-ல் வந்த வார்டெக் ஹெட்டுக்கு 8. 1987 முதல் 1995 வரை வந்த இரும்பு ஹெட்டுகளில் நடு போல்ட்டுகளின் சாய்வே வேறு. முன் சொந்தக்காரர் எஞ்சினை மாற்றியிருக்கலாம். ஹெட்டில் இருக்கும் வார்ப்பு எண்ணைத் துடைத்துப் படியுங்கள்.

டிவி கேபிள்

700ஆர்4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் கார்புரேட்டர் லீவரைக் கியர்பெட்டியோடு இணைப்பது. அதன் இழுப்பை வைத்துத்தான் கியர்பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. புதுக் கார்புரேட்டரின் லீவர் நீளம் வேறு, இழுக்கும் கோணம் வேறு. சரியான பிராக்கெட் போடாமல் ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் மிகச் சீக்கிரம் கருகிவிடும்.

பெட்ரோல் அழுத்தம்

எடல்பிராக் வகைக் கார்புரேட்டருக்கு 6.5 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக் கூடாது. கேஜ் வைத்துப் பாருங்கள்.

பானெட் உயரம்

புது மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் உயரம் கூடினால் பானெட் மூடாது. ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடினால் இடைவெளி தெரியும். அளந்துவிட்டு வாங்குங்கள்.

வேக்குவம் கேஜ் இல்லாமல் ஆரம்பிப்பது

எதையும் கழற்றும் முன்னால், எஞ்சின் சூடான பிறகு, டிரைவில் போட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஐட்லிங்கில், எஞ்சினின் இழுப்பை அளக்கும் வேக்குவம் கேஜ் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பெரிய கேம் போட்ட எஞ்சின் 9 அங்குலம் காட்டினால் ஹாலியில் பவர் வால்வ் (வேக்குவம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடுவது) அதில் பாதியாக, 4.5 ஆக இருக்க வேண்டும். 6.5 வால்வையே விட்டுவைத்தால் லேசாக மிதித்தாலே திறந்துகொண்டு, தேவையில்லாத நேரத்தில் பெட்ரோலைக் கொட்டும். அப்புறம் ஜெட்டைக் குறை சொல்வீர்கள்.

அந்தத் தம்பியின் நோவாவில் முள் ஆடாமல் 18 அங்குலத்தில் நின்றது. கம்பெனி கேமை யாரும் மாற்றவில்லை என்று தெரிந்துவிட்டது. பெட்டிகளைப் பிரிக்காததால் கடையில் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேக்குவம் செகண்டரி 600 ஒன்றுக்கும் பெர்ஃபார்மர் மேனிஃபோல்டு ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை களிமண் உருண்டையும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு பானெட் உயரம் பார்க்கப் போகிறோம்.