சி மொழியில் ‘பஃபர் போதாது’ வார்னிங்கைச் சரிசெய்வது எப்படி?

நிரல் ஓடுகிறது, விடையும் சரியாக வருகிறது. ஆனாலும் கம்பைலர் வார்னிங் காட்டுகிறது. உடனே பஃபர் (எழுத்துகளை வைக்க ஒதுக்கும் நினைவக இடம்) அளவை 100 ஆக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது தேவையே இல்லை. எத்தனை பைட் வேண்டும் என்பதை ஜிசிசி கம்பைலரே சொல்லிவிடும்.

நேரத்தை 10:30 என்று எழுத பஃபர்[5] அறிவித்து, பஃபரில் சரத்தை எழுதித் தரும் எஸ்பிரிண்ட்எஃப்-க்கு "%02டி:%02டி" கொடுத்து, மணி, நிமிடம் என இரண்டு இண்ட் (முழு எண்) அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ‘-டபிள்யூஆல் -ஓ2’ போட்டு கம்பைல் செய்யுங்கள். 2017-இல் வந்த ஜிசிசி 7 முதல் இந்தச் சோதனை உண்டு.

படி 2: வார்னிங்குக்குக் கீழே ‘நோட்’ என்று வரும் வரியைப் படியுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ‘6 முதல் 24 பைட் வரை எழுதப்படும், இடம் 5’ என்கிறது. 10:30-க்கு 5 எழுத்து, கடைசியில் சரத்தின் முடிவைக் காட்டும் நல் பைட் ஒன்று, ஆக 6. சரி, 24 எப்படி? %02 என்பது குறைந்தபட்ச அகலம்தான், உச்சவரம்பு இல்லை. 32 பிட் இண்ட்டின் மிக நீளமான மதிப்பு -2147483648. அதற்கு 11 எழுத்து. 11+1+11+1 = 24.

படி 3: பஃபர்[24] என்று மாற்றுங்கள். ‘நிமிடம் 59-ஐத் தாண்டாதே, 6 போதாதா?’ என்றால், 6 போட்டாலும் வார்னிங் வாயை மூடிக்கொள்ளும்தான். ஆனால் எங்கிருந்தோ 1000 வந்து விழுந்தால் பக்கத்து நினைவகம் கெடும்.

படி 4: எஸ்பிரிண்ட்எஃப்-ஐ விட்டுவிட்டு, கொடுத்த அளவைத் தாண்டி எழுதாத எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். அளவுக்கு சைஸ்ஆஃப்(பஃபர்) கொடுங்கள். பஃபரை வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு அங்கே சைஸ்ஆஃப் கேட்டால் பாயிண்டரின் (நினைவக முகவரியின்) அளவுதான் வரும், 64 பிட் கணினியில் பொதுவாக 8. அதனால் அளவையும் கூடவே அனுப்புங்கள். எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், சரம் வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

தமிழ்ச் சரம் என்றால் கண்ணால் எண்ணாதீர்கள். ‘வணக்கம்’ பார்வைக்கு 5 எழுத்து. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் புள்ளிகளும் தனிக் குறிகள் என்பதால் 7 குறி, குறிக்கு 3 பைட், நல்லோடு சேர்த்து 22. பஃபர்[12] வைத்து எஸ்என்பிரிண்ட்எஃப் அழைத்தால் ‘வணக’ வரும். அப்புறம் ‘க்’-இன் புள்ளியின் முதல் 2 பைட் மட்டும் தொங்கி, திரையில் கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும்.