18ஆம் நூற்றாண்டுப் படை அணிவகுப்பு இசையைச் சிறு குழுவாக வாசிப்பது எப்படி

அக்காலத்து ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்றின் பேண்ட், இன்றைய போலீஸ் பேண்டைப் போல் பெருங்கூட்டமன்று. எட்டுப் பேரே போதும். பிரஷ்யாவில் 1763இல் வகுக்கப்பட்ட அமைப்பு ஓபோ (நாகசுரம் போல் சீவாளி வைத்து ஊதுவது), கிளாரினெட், கொம்பு (பிரெஞ்சு ஹார்ன்), பசூன் (தாழ்ந்த ஒலியுள்ள சீவாளிக் கருவி) ஆகியவற்றில் இரண்டிரண்டாகும். பிரிட்டனின் ராயல் ஆர்ட்டிலரி 1762இல் செய்துகொண்ட ஒப்பந்தமோ, ஓபோ அல்லது கிளாரினெட் நான்கு என்று இடம் விட்டதோடு, வாசிப்பவர்களுக்கு வயலினும் செல்லோவும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. ஆகவே ஓபோ கிடைக்காதவர்கள் தயக்கமின்றிக் கிளாரினெட்டிடம் மேல்வரிசையை ஒப்படைக்கலாம். பசூனுக்குப் பதிலாக யூபோனியம் என்ற பித்தளைக் கருவியை அடக்கி வாசிக்கலாம், அதைவிடக் கனத்த டியூபா வேண்டாம்.

அடுத்தது காலப்பிரமாணம். பெரும்பாலான குழுக்கள் தவறுவது இங்கேதான். 1779இல் அமெரிக்கப் படைக்கு ஸ்டூபன் என்ற பிரஷ்ய அதிகாரி வகுத்த விதிகளில் சாதாரண நடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 காலடி, விரைநடை 120. 1792இன் பிரிட்டிஷ் விதிகளில் 75, 108. மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) 75இல் வைத்து, காலடிக்கு ஒரு தட்டாக எல்லோரும் முதலில் நடந்து பார்க்க வேண்டும். இன்றைய அணிவகுப்புக்குப் பழகிய காலுக்கு அது மிக மந்தமாகத் தோன்றும். ஆனால் 'கிராண்ட் மார்ச்' என்று தலைப்பிட்டவற்றின் மிடுக்கு அந்த மந்தத்தில்தான் இருக்கிறது. 'குவிக் ஸ்டெப்' என்றிருந்தால் மட்டுமே வேகத்தைக் கூட்டுக.

கொம்புக்கு அன்று வால்வு கிடையாது. கீழ் ஸ்தாயியில் ஸட்ஜமும் பஞ்சமமும், நடுவில் அவற்றோடு காந்தாரமும், மேலே சென்றால்தான் ஸ்வரங்கள் அடுத்தடுத்தும் கிடைக்கும். கொம்புப் பகுதி இடைவெளி விட்டு எழுதப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பதால், இன்றைய வால்வுக் கொம்பைக் கொண்டு அந்த இடைவெளிகளை நிரப்பக் கூடாது. (கம்பெனிப் படை பேண்டுகள் வாசித்த இத்தகைய மேலை மெட்டுகளே முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களுக்கு அடிப்படை, அவை சங்கராபரணத்தில் அமைந்தது இயல்பே.)

துருக்கியச் சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படையைப் பார்த்து ஐரோப்பியர் ஏற்றுக்கொண்டவை பெருமுரசு, சிம்பல், முக்கோண மணி ஆகியவை. பெருமுரசின் ஒரு முகத்தில் கனத்த கோலால் வல்லடியையும், மறுமுகத்தில் மெல்லிய குச்சிக்கட்டால் இடையடிகளையும் கொடுக்க வேண்டும். இரு கைக்கும் வெவ்வேறு வேலை என்பது தவில்காரருக்குப் புதிதன்று. காற்றுக்கருவிகளின் சுருதி சேரும் வரை முரசை ஒத்திகையில் சேர்க்காமல், சேர்த்த பிறகும் கிளாரினெட்டுகளுக்குப் பின்னே தள்ளியே நிறுத்துக.