உடைந்ததா, உடைத்தார்களா: அழிவையும் அசைவையும் எடுத்தாளும் மாணவர் படைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மாணவர்களின் பரிசோதனைக் கலைக் காட்சியொன்றுக்குள் நுழைபவர் பெரும்பாலும் முதலில் காண்பது ஒரு குவியலைத்தான். உடைந்த ஓடுகள், கருகிய மரச்சட்டம், கிழிந்த சேலை, துருவேறிய கம்பி ஆகியவை மண்டபத்தின் மூலையில் கொட்டப்பட்டிருக்கும். பக்கத்துச் சுவரில் ‘அழிவு’ என்று எழுதிய அட்டை ஒட்டப்பட்டிருக்கும். செய்த மாணவரிடம் உழைப்பு இல்லையென்று சொல்ல முடியாது. அந்தக் குவியலைச் சேர்ப்பதற்கே அவர் பல நாட்கள் அலைந்திருப்பார். ஆயினும் பார்வையாளர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த படைப்புக்குப் போய்விடுகிறார். காட்சிப் பயிற்சிகளில் மாணவர்களுடன் இருந்து பழகியவன் என்ற முறையில், இதற்கான காரணம் நமது இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பெயர்ச்சொல் காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும். குவியல் ஒரு பெயர்ச்சொல். மாணவர் காட்ட விரும்பியதோ ஒரு வினை.

எனவே முதல் தவறு, அழிந்து முடிந்ததை அழிதலாக எண்ணுவது. ஒரு சுவர் இடிந்து கிடப்பதைக் காட்டும்போது, அது எவ்வளவு நேரத்தில் இடிந்தது, எந்தப் பக்கமாகச் சாய்ந்தது, இடியும்போது எது முதலில் பிரிந்தது என்பவை எல்லாம் மறைந்துபோகின்றன. எஞ்சுவது கட்டடக் கழிவு மட்டுமே. பிரித்தானியக் கலைஞர் கோர்னீலியா பார்க்கர் 1991 இல் ஒரு தோட்டக் கொட்டிலை இராணுவத்தினரின் உதவியுடன் வெடிக்கச் செய்தார். பின்னர் அதன் துண்டுகளைத் தரையில் குவிக்காமல், நடுவில் ஒரு மின்குமிழை வைத்து, அதைச் சுற்றிக் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கவிட்டார். துண்டுகளின் நிழல்கள் நான்கு சுவர்களிலும் பரந்தன. வெடிப்பு நடந்து முடிந்துவிட்டது என்ற எண்ணமே பார்ப்பவருக்கு வருவதில்லை. அது நடுவழியில் நிறுத்தப்பட்டிருப்பதாகவே தோன்றுகிறது. அவர் கையிலிருந்ததும் நமது மாணவர் கையிலிருந்த அதே சிதைவுகள்தான். அவற்றுக்கு இடையிலான தூரத்தில் அவர் காலத்தை வைத்தார் என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது தவறு இதனிலும் ஆழமானது. இந்த மண்ணில் அதைப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் ‘உடைந்தது’ என்பது வேறு, ‘உடைத்தார்கள்’ என்பது வேறு. ஒரு மெய்யெழுத்து வலிக்கும்போது பொறுப்பு இடம் மாறுகிறது. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளியில் மட்டக்களப்பின் கூரைகள் பறந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கல்லடியிலும் கல்முனையிலும் கரையோர வீடுகள் இடிந்தன; அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவற்றுக்கு ‘உடைந்தது’ என்ற சொல் பொருந்தும். போர்க்காலத்தில் எரிந்த வீடுகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது, ஏனெனில் அவற்றை எரித்தவர்கள் இருந்தார்கள். மாணவர் படைப்புகள் பலவற்றில் இந்த மூன்றும் ஒரே குவியலில் கலந்துவிடுகின்றன. கலப்பதற்கு ஒரு காரணம் இருந்தால் கலக்கலாம். பெரும்பாலும் காரணம் யோசிக்கப்படாமலே கலக்கப்படுகிறது. எழுவாய் இல்லாத வாக்கியம் தமிழில் இயல்பானதுதான், ஆனால் அங்கே எழுவாய் மறைந்திருக்குமே தவிர இல்லாமற் போவதில்லை. படைப்பைத் தொடங்கும் முன்னர் “இங்கே அழிப்பது யார்?” என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதி வைத்துக்கொள்ளுமாறு நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இந்தக் கேள்விக்கு உலகக் கலையில் கிடைத்த விடைகளைப் பார்ப்பது பயன் தரும். குஸ்தாவ் மெட்ஸ்கர் யூதக் குடும்பமொன்றில் நியூரம்பர்க் நகரில் 1926 இல் பிறந்து, சிறுவனாக 1939 இல் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டு, பெற்றோரை நாசிகளின் கொலைவெறிக்குப் பறிகொடுத்தவர். தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கலை பற்றிய அறிக்கையை அவர் 1959 இல் வெளியிட்டார். 1961 இல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், விரித்துக் கட்டிய நைலோன் துணிகளின்மேல் அமிலத்தைத் தெளித்தார். துணி உருகி விலக விலக, பின்னாலிருந்த நகரம் துளைகளினூடே தெரிந்தது. இங்கே அழிப்பது அமிலம், அதைத் தெளிப்பது மனிதக் கை. மாறாக, சுவிஸ் கலைஞர் ஜோன் டாங்குலி 1960 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் இயக்கிய இயந்திரம் தன்னைத்தானே குலைத்துக்கொண்டது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தீப்பற்றி, தீயணைப்பு வீரர் தலையிட வேண்டியதாயிற்று. சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 1995 இல், பண்டைய சீனாவின் ஹான் அரச வம்சக் காலத்துத் தாழியொன்றைத் தன் கையிலிருந்து நழுவவிட்டு மூன்று புகைப்படங்களில் பதிவு செய்தார். அங்கே எழுவாய் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. இந்தக் கடைசி எடுத்துக்காட்டைப் படித்துவிட்டு, வயலில் கிடைத்த பழைய பானை ஓடுகளை உடைக்க முற்படும் மாணவர்களும் உண்டு. தொல்பொருட்கள் இலங்கையில் 1940 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்படுபவை என்பது ஒருபுறமிருக்க, வெளிநாட்டுக் கலைஞரின் செய்கையைத் திரும்பச் செய்வதில் பரிசோதனை எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நமக்கு வெளியே போகாமலே ஒரு முன்மாதிரி கிடைக்கிறது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்பு விளையாட்டில், வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரு கட்சிகளாகப் பிரிந்த வடசேரியாரும் தென்சேரியாரும் வடம் பிடித்து இழுப்பார்கள். ஒன்று முறியும்வரை இழுப்பு நடக்கும். அழிவும் அசைவும் இதில் ஒரே செயல். முறிதல் ஒரு கணம். அதற்கு முன்னான இழுப்போ நீண்டது. பார்ப்பவர்களின் கண்கள் அந்த நீட்சியில்தான் கட்டுண்டு கிடக்கின்றன. மாணவர் படைப்புகளோ முறிந்த கொம்பை மட்டும் எடுத்து மேசையில் வைக்கின்றன. மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிப்பதற்காகவே வைகாசிச் சடங்கு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு நிறைவுபெறுகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எரித்த பின்னர் என்ன செய்வது என்ற கேள்வி நமது ஊர்களுக்குப் புதியதன்று.

அசைவைப் பொறுத்தவரை மிகப் பொதுவான தவறு, எல்லாவற்றையும் எப்போதும் அசைய விடுவது. மின்விசிறி சுழலும், துணி பறக்கும், திரையில் காணொளி ஓடும், ஒலிபெருக்கி அலறும். சிறிது நேரத்தில் எதுவும் அசைவதாகவே தெரியாது. கூத்தாடிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாளம் தீர்க்கும் இடத்தில் கால் நிற்பதனால்தான் அதற்கு முன்னான ஆட்டத்தின் வேகம் புலப்படுகிறது. அதேபோல் கூத்துக்கான வட்ட மேடையான வட்டக்களரியில் ஆடுபவரை நான்கு பக்கமிருந்தும் பார்க்கிறோம்; பொருட்களை இடத்தில் அமைத்து உருவாக்கும் நிறுவல் கலையைச் சுவரோடு ஒட்டி வைக்கும் மாணவர் அந்த வாய்ப்பை வீணாக்குகிறார், ஏனெனில் பார்வையாளர் சுற்றி நடப்பதும் ஓர் அசைவே. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனமும் நாடகமும் இசையும் காட்சிக் கலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. அத்தகைய சூழலில் இருப்பவர்கள் அசைவைப் பற்றிய படைப்பைத் தொடங்கும் முன்னர் ஆடுபவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசாமல் விடுவது, கிணற்றடியில் நின்றுகொண்டு தாகம் என்பதற்கு ஒப்பாகும்.

அசைவைக் காட்டப் பல கால்களையும் பல கைகளையும் வரைவதும் அடிக்கடி காணப்படுகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியென் மாரே 1882 அளவில் ஒரே தகட்டில் அசைவின் பல கட்டங்களைப் படம்பிடித்தார்; இத்தாலிய ஓவியரான பல்லா 1912 இல் நாயின் கால்களை அவ்வாறே தீட்டினார். நூறாண்டு பழைய விடை அது. பயிற்சிக்கு நல்லது, அதோடு நின்றுவிடக் கூடாது.

புகைப்படம் எடுப்பவர்கள் செய்யும் தவறு தொழில்நுட்பம் சார்ந்தது. கைத்தொலைபேசியைத் தன்னியக்கத்தில் விட்டால், வெயிலில் அது ஒளியை உள்ளே விடுவதற்கு 1/1000 வினாடி போன்ற மிகக் குறுகிய நேரத்தைத் தெரிவுசெய்யும். வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் வீசப்படும் கை அந்த நேரத்தில் நகர்வது 2 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே ஆடுபவர் சிலையாகத் தெரிவார். அதே கை 1/8 வினாடியில் 25 சென்ரிமீற்றர் நகரும். அப்போது உடல் தெளிவாகவும் கை நீண்ட கீற்றாகவும் பதியும். இதற்குக் கருவியை முக்காலியில் பொருத்தி, மாலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

கையில் பணமில்லாத மாணவருக்கு நான் முதலில் சொல்லும் வழி, தென்னாபிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் கையாண்டுவரும் முறை. ஒரே தாளில் கரித்துண்டால் வரைந்து, படமெடுத்து, சிறிது அழித்து, மாற்றி வரைந்து, மீண்டும் படமெடுப்பது. அழிறப்பரால் அழித்தாலும் சாம்பல் நிறத் தடம் தாளில் எஞ்சும். அசைவு முழுவதும் அழிப்பினாலேயே உண்டாகிறது. வினாடிக்கு 12 படங்கள் என்று கொண்டால் 10 வினாடிக்கு 120 தடவை வரைந்து அழிக்க வேண்டும். இதில் மூன்று பிழைகள் நேர்கின்றன: சாதாரண அச்சுத் தாளைப் பயன்படுத்துவது (இருபதாவது அழிப்பிலேயே அது கிழிந்துவிடும்), யன்னலோரம் இருந்து எடுப்பது (முகில் கடக்கும்போதெல்லாம் படம் மின்னும்), தடமே தெரியாதபடி சுத்தமாக அழிக்க முயல்வது. மூன்றாவதுதான் பெரிய பிழை.

களிமண்ணை நீரில் கரைய விடுவோரும் ஏமாறுகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்த உருவத்தை நீரில் வைத்தால் அது மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். சூளையில் சுடாமல், ஈரம் துளியும் இல்லாதபடி காயவிட்ட உருவமே நீர் பட்டதும் உதிரத் தொடங்கும். மாரி மழையில் உருவத்தைக் கரைக்க எண்ணுபவர் கார்த்திகையில் செய்யத் தொடங்கினால் காய்வதற்கு வெயில் கிடைக்காது. புரட்டாதிக்குள் செய்து காயவைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைந்த கூரைத் தகடுகள் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. அவை அஸ்பெஸ்டஸ் என்றால் அவற்றை மேலும் உடைப்பதும் அறுப்பதும் நுரையீரலுக்குள் நார்த்தூளை அனுப்பும் வேலை. ரெஜிபோமையும் பிவிசி குழாயையும் எரிக்கக் கூடாது, புகை நஞ்சு. மெட்ஸ்கரே அமிலம் தெளித்தபோது முகக்கவசம் அணிந்திருந்தார். பற்றைக்காட்டில் கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருளை, எவ்வளவு அழகாகத் துருவேறியிருந்தாலும், தொடக் கூடாது.

பிறருடைய இழப்பைப் பொருளாக எடுப்பதில் உள்ள தவறு இவற்றைப்போல் வெளிப்படையாகத் தெரிவதில்லை. இன்று இருபது வயதிலிருக்கும் மாணவர் ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தவர். அவருக்கு அது கேட்டறிந்த நினைவு. ஒருமுறை ஒரு மாணவி, அயல்வீட்டில் எடுத்துவைத்திருந்த ஒரு குழந்தையின் சப்பாத்தைக் காட்சிக்கு வாங்கி வந்தார். தருவதற்கு அந்தத் தாய் சம்மதித்திருந்தார். அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றப்படும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பொருளுக்குத் தந்த சம்மதம், அந்தப் பொருளுக்குச் செய்யப்போவதற்கான சம்மதமாகாது. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட படைப்பில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து தாங்களே வரைந்தார்கள். எரிந்த சுவர் எதுவும் காட்டப்படாமலே அழிவும் பெயர்வும் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. வரைந்த கை உரியவருடையது.

கடைசியாக, காட்சி முடிந்த பின்னர் எஞ்சுபவை. உடைத்த பொருளை என்ன செய்வதென்று திட்டமிடாதவர்கள் அதை மண்டபத்தின் பின்புறம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். துண்டுகளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதா, புதைப்பதா, அடுத்த படைப்புக்கு வைத்திருப்பதா என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, படைப்பின் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். கண்ணாடி உடைத்த தரையைத் தும்புத்தடியால் கூட்டினால் மட்டும் போதாது. ஈரத்துணியால் இரண்டு தடவை ஒற்றியெடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே தரையில் நடன மாணவர்கள் வெறுங்காலுடன் ஆட வருவார்கள்.