எந்த ராஸ்? ஒரே குடும்பப்பெயரைப் பிரித்தறியும் வழி

பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா தயாரிப்பவன் நான். ‘ராஸ்’ என்றதும், 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்டு ராஸ்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவார். மற்ற ராஸ்களின் கணக்கையும் அவர் தலையிலேயே எழுதிவிடுகிறோம். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். அண்டார்க்டிகாவின் ராஸ் கடலைக் கண்டறிந்தது 1841இல். ரொனால்டு ராஸ் அல்மோராவில் பிறந்ததே 1857இல். எரிபஸ், டெரர் என்ற கப்பல்களோடு அங்கே போனவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ். ராஸ் சீல் என்ற கடல்வாழ் பாலூட்டியும் அவர் பெயர் பெற்றதுதான்.

அடுத்தது இடம். எரிபஸ் எரிமலை நிற்கும் ராஸ் தீவு ஜேம்ஸின் பெயரில் உள்ளது. போர்ட் பிளேருக்கு எதிரே இருப்பதோ கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயர் தாங்கிய தீவு. 2018இல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆயிற்று. இங்கிலாந்தின் ராஸ்-ஆன்-வை ஊருக்கு எந்த ராஸும் காரணமல்லர். அது பழைய வேல்ஷ் சொல்.

உயிரினம் என்றால் அறிவியல் பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண். ‘ஏ’, ‘இ’ என்ற இரண்டில் முடிந்தால் பெண். ராஸ் வாத்து ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் பெர்னார்ட் ராஸுக்கு உரியது. ஆப்பிரிக்காவின் ராஸ் டுராக்கோ என்ற பறவையோ, செயின்ட் ஹெலினா ஆளுநரின் மனைவி எலைசா ராஸ் பெயரைத் தாங்குகிறது. கருநீல உடல், செந்நிறக் கொண்டை, மஞ்சள் அலகு. அத்தனை அழகான பறவைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ராஸ் கடற்காகத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஆங்கிலப் பெயர் ஜேம்ஸைக் குறிக்கிறது. அறிவியல் பெயரிலுள்ள ‘ரோசியா’ அதன் மார்பில் படரும் ரோஜா நிறத்தைக் குறிக்கிறது.

ராஸ் ரிவர் வைரஸில் சறுக்குவது மிக எளிது. கொசு பரப்பும் நோய் என்பதால் ரொனால்டு ராஸ் என்று கை தானாக எழுதும். அது ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஓடும் ராஸ் ஆற்றின் பெயர்.

ஆள், ஆண்டு, இடம், காரணம் நான்கையும் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் அந்தக் கேள்வியை நான் மேடைக்குக் கொண்டுபோவதில்லை.