கொக்கென்று நினைத்தாயோ: இல்லறத்தில் இருந்தபடி ஆன்மிகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் சாமிக்குப் பஞ்சமில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர், விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீஸ்வரர், ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் முருகன், பாலாற்றைத் தாண்டினால் வாரியார் சுவாமிகள் பிறந்த காங்கேயநல்லூர். பஞ்சமெல்லாம் நேரத்துக்குத்தான். ஷூ கம்பெனி ஷிப்ட், ஆஸ்பத்திரி நைட் டூட்டி, காட்பாடியில் விடியற்காலை ரயில், பிள்ளைகளின் டியூஷன், படுக்கையில் இருக்கும் பெரியவர். இத்தனைக்கும் நடுவில் ஆன்மிகத்தில் கொஞ்சமாவது முன்னேற நினைப்பவர்களுக்கு பக்தி குறைவதில்லை. ஆனால் தங்கள் ஆன்மிகப் பயிற்சியின் சுமையைத் தெரியாமலே வேறொருவர் தலையில் இறக்கிவிடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்குமேல் இந்த ஒன்றிலிருந்து முளைப்பவை.

விரதம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு

வெள்ளிக்கிழமைதோறும் விரிவாகப் பூஜை செய்வதாக வீட்டுக்காரர் முடிவெடுக்கிறார். நான்கு மணிக்கு எழுவது யார்? புளி போட்டு விளக்கு தேய்ப்பது, பூ தொடுப்பது, சர்க்கரைப் பொங்கல் வைப்பது, அதோடு டிபன் பாக்ஸ் கட்டுவது யார்? அவர் முக்கால் மணி நேரம் கண்மூடி உட்கார்ந்து எழுந்திருக்கும்போது, அடுப்படியில் ஒருவருக்கு இடுப்பு ஒடிந்திருக்கும். அன்றைய புண்ணியக் கணக்கு எப்படிப் போனாலும், அந்த வீட்டில் சாமி பெயரைச் சொன்னாலே ஒருவருக்கு எரிச்சல் வர ஆரம்பித்துவிடும். ஆறு மாதத்தில் பூஜையும் நின்றுபோகும்.

விதி எளியது. சங்கல்பம் யாருடையதோ, அதற்கான வேலையும் அவருடையது. விளக்கு தேய்ப்பது, திரி போடுவது, எண்ணெய் ஊற்றுவது, பூஜை முடிந்து இடத்தைத் துடைப்பது வரை எல்லாம் அதில் சேரும். அவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால் பூஜையைச் சுருக்க வேண்டும். கீதை ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் கேட்பது இலை, பூ, பழம், நீர் என்று நான்கே பொருள்தான் (9.26). பொங்கல் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு அகல், அரை டம்ளர் தண்ணீர், இரண்டு துளசி இலை என்றால் ஐந்து நிமிடத்தில் முடியும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

தை ஒன்றாம் தேதிப் பட்டியல்

கந்த சஷ்டி கவசம், விஷ்ணு சகஸ்ரநாமம், தியானம், பிரதோஷம், ஏகாதசி எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவது அடுத்த தவறு. பொங்கல் லீவு நான்கு நாளும் நன்றாக ஓடும், ஐந்தாம் நாள் ஷிப்ட் வந்துவிடும்.

ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நடத்திப் பாருங்கள். ஐந்தெழுத்தோ (நமசிவாய), எட்டெழுத்தோ (ஓம் நமோ நாராயணாய), குல தெய்வத்தின் பெயரோ, எதுவானாலும் 108 முறை. ஒரு முறை சொல்ல மூன்று விநாடி வைத்தால் ஐந்தரை நிமிடம் ஆகும். அதைத் தினமும் மாறாமல் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குளித்துத் திருநீறோ திருமண்ணோ இட்டதும், அல்லது ரயில் காட்பாடியை விட்டுக் கிளம்பியதும் என்று. "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அந்த நேரம் கிடைக்காது. நைட் டூட்டி பார்ப்பவர்கள் விடியலுக்கு முந்தைய பிரம்ம முகூர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகம் உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையே சொல்கிறது (6.16). டூட்டி முடிந்து வந்து, தூங்கி எழுந்து குளித்த பிறகு செய்தால் போதும். அவர்களுக்கு விடியல் அப்போதுதான்.

"பலனை எதிர்பாராதே" என்பதைத் தலைகீழாகப் பிடிப்பது

அதிகம் மேற்கோள் காட்டப்பட்டு அதிகம் கெட்டுப்போன சுலோகம் கீதை 2.47. அதில் நான்கு பகுதிகள் உண்டு. செயலில் உனக்கு உரிமை. பலனில் ஒருபோதும் இல்லை. பலனுக்காகவே செய்பவனாக இராதே. செயலின்மையிலும் பற்று வைக்காதே. முதல் இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நான்காவதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். "நான் செய்துட்டேன், மிச்சம் அவன் பார்த்துப்பான்" என்று அரைகுறையாகக் கைகழுவுவதைத்தான் அந்த நான்காம் பகுதி தடுக்கிறது.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறவர் பலனை விடுவதென்றால் தையல் விட்டுப்போவதைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடுவதா? அந்தப் பிழை அடுத்த மேசைக்குப் போய், அங்கே இன்னொருவர் திட்டு வாங்குவார். நர்ஸ் ஷிப்ட் மாறும்போது எந்த மருந்து எப்போது கொடுத்தது என்பதைச் சரியாக எழுதாமல் போனால், நோயாளிக்கு இரண்டாம் முறை ஊசி விழலாம். மற்றவர் தலையில் சுமையை இறக்குவதுதான் இங்கேயும் நடக்கிறது, வேதாந்தப் பெயரில். சாத்விகமாகச் செயல்படுகிறவனின் அடையாளங்களாகக் கீதை பற்றின்மையைச் சொல்லும் அதே மூச்சில் உறுதியையும் உற்சாகத்தையும் சொல்கிறது (18.26). உற்சாகம் இல்லாத பற்றின்மைக்கு நம் ஊரில் சோம்பேறித்தனம் என்று பெயர்.

சம்பள உயர்வு கேட்பது, ஓவர்டைம் காசை விடாமல் வாங்குவது, போனஸ் பேச்சுவார்த்தையில் உட்காருவது இதெல்லாம் பலன் மேல் பற்று ஆகாது. குடும்பத்தைக் காப்பதும் கடமை. மெஷினில் கை இருக்கும்போது மனம் சூப்பர்வைசர் யாரைப் பாராட்டினார் என்று சுற்றிக்கொண்டிருந்தால், அது பற்று.

நடைமுறையில் இதை மூன்று இடங்களில் பழகலாம். வேலையைத் தொடுமுன் ஒரு மூச்சு நின்று, "இது உனக்கு" என்று மனத்துக்குள் ஒரு வாக்கியம். நடுவில் வேலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஊசி ஓடும் மெஷினில் கண்ணை மூடி ஜபம் செய்தால் விரல்தான் போகும். முடித்ததும் "கிருஷ்ணார்ப்பணம்" அல்லது "சிவார்ப்பணம்" என்று சொல்லி விட்டுவிடுவது. உடலால், வாக்கால், மனத்தால் செய்ததையெல்லாம் நாராயணனுக்கே ஒப்படைப்பதாகப் பூஜை முடிவில் சொல்லும் "காயேன வாசா" சுலோகத்தின் வேலையும் இதுதான். அதைப் பூஜை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டோம். டூட்டி முடிந்து பஞ்ச் அடிக்கும்போது சொன்னாலும் பொருந்தும்.

"செய்யும் தொழிலே தெய்வம்" என்ற சாக்கு

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொழிலே தெய்வம் ஆயிற்றே, தனியாக எதற்கு விளக்கும் நாமமும் என்று கேட்பவர்கள். குடியாத்தத்துத் தறிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் பெரிய புராணத்தில் வருகிறார்: நேச நாயனார். காம்பீலியில் நெசவு செய்தவர். மனத்தை இறைவன் திருவடிக்கும், வாக்கை ஐந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியார்களுக்கும் ஆக்கினார் என்கிறார் சேக்கிழார். மூன்றும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கை தறியில் இருந்தது, மனத்துக்கும் வாய்க்கும் வேறு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. நெய்த கீளும் (இடுப்பில் கட்டும் துணி நாடா) உடையும் கோவணமும் அடியாருக்குப் போயின. இந்த மூன்றில் முதல் இரண்டையும் விட்டுவிட்டுத் தொழிலே தெய்வம் என்று சொன்னால், கடைசியில் அங்கே தெய்வமாக நிற்பது பெரும்பாலும் வருமானம்தான். தினம் ஐந்தரை நிமிட நாமம் கேட்பது இதற்காகவே.

தோல் தொழில், தீட்டு என்ற தயக்கம்

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சிலர், இந்தக் கையால் விளக்கேற்றலாமா என்று தயங்குவதுண்டு. வெளியிலிருந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. மகாபாரதம் வன பர்வத்தில் தர்மவியாதர் மிதிலையில் இறைச்சி விற்பவர். தவசியான கௌசிகருக்கு அவர்தான் தர்மம் உபதேசிக்கிறார். இதைவிடத் தெளிவாக ஒரு நூல் என்ன சொல்ல முடியும்? குளித்து, வேட்டியோ சேலையோ மாற்றிக்கொண்டு விளக்கேற்றுங்கள். தொழிலால் ஒட்டியது தண்ணீரில் போய்விடும். எடையில் ஏமாற்றினால் அது போகாது.

பற்றின்மை என்று பெயரிட்ட பாராமுகம்

தர்மவியாதர் கதையின் முற்பாதி நம் ஊரில் கொங்கணவர் கதையாக வழங்குகிறது. எச்சமிட்ட கொக்கைப் பார்வையால் எரித்த சித்தர் கொங்கணவர், வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சை கேட்டு நிற்கிறார். கணவருக்குச் சோறு பரிமாறிவிட்டு வாசுகி தாமதமாக வருகிறார். முறைத்தவருக்குக் கிடைத்த பதில்தான் "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?". காட்டில் நடந்தது அடுப்படியில் இருந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கதையின் முடிச்சு. மகாபாரதத்தில் கௌசிகரைத் தர்மவியாதரிடம் அனுப்புவதும் இப்படி ஒரு குடும்பப் பெண்தான். அங்கே கௌசிகருக்குக் கிடைத்த கடைசி அறிவுரையைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோரைக் கேட்காமல் வேதம் கற்க வந்துவிட்டாய், அவர்கள் உன்னை நினைத்தே பார்வை இழந்துவிட்டார்கள், திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள் என்கிறார் தர்மவியாதர். தன் தாய் தந்தையரையே தெய்வமாகக் காட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்.

இன்று யாரும் காட்டுக்குப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஓடுகிறார்கள். மனைவி மாமியார் தகராறைச் சொல்ல வந்தால் "எல்லாம் மாயை" என்பது, பையன் பரீட்சையில் தவறிவிட்டு அழும்போது காதில் ஹெட்போனில் சத்சங்கம் கேட்பது, அப்பாவுக்கு டயாப்பர் மாற்றும் நேரமாகப் பார்த்துப் பிரதோஷத்துக்குக் கிளம்புவது. திருவண்ணாமலையில் ரமணரிடம் வீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டு வந்த இல்லறத்தாருக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, தடை மனத்தில் இருக்கிறது, இடம் மாறினால் அது போகாது என்பதே. வீட்டை விட்டவனுக்கு வீட்டு நினைப்பின் இடத்தில் துறவி என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. மண்டலம் பாதி போனதும் வீட்டில் உள்ள ஒருவரிடம், "நான் இதைத் தொடங்கினதிலிருந்து உனக்குச் சுமை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். பதிலுக்கு வாதாடக் கூடாது. கூடியிருக்கிறது என்றால் பயிற்சியை விட வேண்டாம், அதைச் செய்யும் முறையை மாற்றுங்கள்.

உண்டியலும் சம்பள பாக்கியும்

இல்லறத்தாருக்குப் பெரியவர்கள் விதித்தது ஐந்து வேள்விகள்: தெய்வம், முன்னோர், ரிஷிகள், மனிதர், மற்ற உயிர்கள். இதற்குப் பெரிய செலவில்லை. விளக்கு, அமாவாசையில் எள்ளும் தண்ணீரும், தினம் ஒரு பக்கம் படிப்பு, பசித்தவருக்குச் சோறு, காக்கைக்கு ஒரு பிடி. செலவு ஏறுவது, ஐந்தில் ஒன்றை மட்டும் பிரம்மாண்டமாகச் செய்து மற்ற நான்கையும் மறக்கும்போது. கடன் வாங்கி யாத்திரை போவது, பரிகாரத்துக்கு நகையை அடகு வைப்பது, கோயிலுக்கு ஐந்தாயிரம் எழுதிவிட்டு வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதி வரை இழுப்பது. முதல் தேதி சம்பளம், பிறகு நன்கொடை என்று வரிசையை மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

காஞ்சிப் பெரியவர் பரப்பிய பிடி அரிசி முறை இதற்கு நல்ல தொடக்கம். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுங்கள். ஒரு பிடி சுமார் 40 முதல் 50 கிராம் வரும், மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ சேரும். அரசு ஆஸ்பத்திரி வாசலில் அன்னதானம் செய்பவர்களிடம் கொடுக்கலாம். வெயில் காலத்தில் அரிசியைவிட வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர் பெரிய தானம். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விரதமும் மாத்திரையும்

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பதும், மருந்து விரதத்தைக் கெடுக்கும் என்று மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. விரதத்தைக் கெடுக்காதவை என்று சாஸ்திரம் எட்டைச் சொல்கிறது. நீர், கிழங்கு, பழம், பால் இவற்றோடு மருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டைக் குறைப்பதற்குப் பதில் அன்று முழுக்கக் கடுஞ்சொல் இல்லாமல் இருந்து பாருங்கள். பட்டினி அதைவிட எளிது என்று தெரியும்.

திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கும் இதே கணக்குதான். 14 கிலோமீட்டர் நடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். பௌர்ணமி இரவு சுற்றிவிட்டு பஸ் பிடித்து நேரே வேலைக்கு வருபவர் அரைத் தூக்கத்தில் மெஷின் முன்னால் உட்காருகிறார். மலை எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் லீவு உள்ள நாளில் போங்கள்.

பிள்ளைகளை இழுப்பது

தான் தொடங்கிய மூன்றாம் நாளே வீட்டில் எல்லோரையும் உட்காரவைப்பது வேண்டாம். டிவியை அணைத்துவிட்டு அதட்டிச் சொல்லவைத்த தேவாரம் பிள்ளை மனத்தில் தண்டனையாகத்தான் பதியும். விளக்கேற்றும் நேரத்தில் தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் கேட்டால் சொல்லிக்கொடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

நடுவில் அறுந்தால்

அறுந்துதான் போகும். காய்ச்சல், ஊருக்குப் போவது, மாதக் கணக்கு முடிக்கும் வாரம் என்று ஏதாவது வரும். இருபதாம் நாள் விட்டுப்போனால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குபவர்கள் பலர் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். கோயிலில் எடுத்த முறையான நேர்த்திக்கடன் என்றால் அதன் விதியை அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பயிற்சி என்றால் மறுநாள் இருபத்தொன்று என்று தொடர்ந்து, விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு வந்தால் விளக்கும் பூஜையும் வீட்டு வழக்கப்படி நிற்கும். மனத்துக்குள் சொல்லும் நாமத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அந்த நாட்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.