கிளப் மாறும்போது நம்ம பிள்ளைகள் செய்யும் தவறுகள்

போன வருஷம் குமரிக் கரையில் வள்ளவிளையில் ஒரு தம்பி தன் ஒப்பந்தத்தைக் காட்ட வந்தான். வயது பத்தொன்பது, கால்பந்தில் இடது கால் ஆட்டக்காரன். கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பதினோரு பக்க ஒப்பந்தத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் அவன் போனில் படமாக இருந்தன.

“மிச்சம் எங்கலே?”

“மேனேஜர்கிட்ட இருக்கு அண்ணா. நல்ல மனுஷன்.”

கடலுக்குப் போய்த் திரும்பினால் டீசல், ஐஸ் செலவைக் கழித்துப் பங்குக் கணக்கை வரி வரியாகப் பார்க்கிற வீட்டுப் பிள்ளை அவன். பந்து என்று வந்ததும் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற முதல் தவறு இதுதான். முழு நகல் கையில் வராமல் ஊருக்கு வண்டி ஏறாதீர்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் படித்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் கோபப்படுகிற கிளப்பில் சேரவே வேண்டாம்.

அடுத்தது, வாய்ச்சொல்லை நம்பித் தேதியைத் தவறவிடுவது. மெஸ்ஸிக்கே இது நடந்தது. 2020-ல் அவர் பார்சிலோனாவை விட்டு இலவசமாகப் போக ஒப்பந்தத்தில் வழி இருந்தது, ஆனால் ஜூன் 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும். கொரோனாவால் சீசன் ஆகஸ்ட் வரை நீண்டது, அவரும் ஆகஸ்டில்தான் கடிதம் அனுப்பினார். தேதி முடிந்துவிட்டது என்றது கிளப். வேறு கிளப் எடுக்க வேண்டுமானால் 70 கோடி யூரோ கட்ட வேண்டும் என்ற நிலை. இன்னொரு வருஷம் அங்கேயே ஆடினார். நம் பையன்கள் மனதில் வைக்க வேண்டியது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆறு மாத விதி. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு தாராளமாகப் பேசலாம், கையெழுத்தும் போடலாம். அது துரோகம் ஆகாது. அதற்கு முன்னால் புது கிளப் உங்களிடம் பேச வேண்டுமானால், முதலில் உங்கள் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நடுவில் முறித்துக்கொண்டு ஓடுவது இன்னும் பெரிய தவறு. இந்திய அணி ஆட்டக்காரர் அன்வர் அலி கொல்கத்தாவின் மோகன் பகானிலிருந்து அதே ஊர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போன விவகாரத்தில், 2024 செப்டம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் கட்டச் சொன்னது, அதில் கிளப்புகளும் பொறுப்பு. வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் போய், அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறுவிசாரணைக்கு வந்தது. அவரும் தொடர்ந்து ஆடினார். பெரிய கிளப் பின்னால் நின்றதால் அது முடிந்தது. நம் கரைப் பையனுக்கு எந்த வக்கீல் வருவான்?

சம்பளம் வரவில்லை என்றால் நிலைமை வேறு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாள் அவகாசம் விட்டு, அப்போதும் வராவிட்டால் விலகலாம் என்கிறது ஃபிஃபா விதி. நோட்டீஸ் கொடுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் குற்றம் உங்கள் தலையில் விழும்.

இருபத்திரண்டு வயதுக்குள் காசைப் பார்த்துப் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காரப் போகாதீர்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடிப் பெயர் எடுத்த பிறகுதான் 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும், அடுத்த வருஷம் கொல்கத்தாவின் ஏடிகே கிளப்புக்கும் போனார். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். அதைப் பார்த்த பிறகும் ஒப்பந்தத்தில் காயச் செலவு யாருடையது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒப்பந்தம் இருக்கும்போதே மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் உள்ளூர்க் கால்பந்து) ஆடப் போய்க் காலை உடைத்துக்கொண்டால் கிளப் கைவிரித்துவிடும்.

ரசிகர்களுக்கும் ஒன்று. 2020-ல் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் போனபோது கேரளா பிளாஸ்டர்ஸ் மரியாதையாக அவருடைய 21-ம் எண்ணுக்கே ஓய்வு கொடுத்தது. 2023-ல் ரசிகர்களின் செல்லப்பிள்ளை சஹல் அப்துல் சமதை அதே கிளப்பே மோகன் பகானுக்குக் கொடுத்து பிரீதம் கோட்டாலை வாங்கியது. 2025-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடக்குமா என்று நிச்சயமில்லாமல் நின்றபோது பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்திவைத்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய ஆட்டக்காரனைத் துரோகி என்று எழுதுவதற்கு முன் இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். சட்டை போட்டிருக்கும் நாள்வரை உயிரைக் கொடுத்து ஆடினானா என்று கேளுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வள்ளவிளைத் தம்பிக்கு மூன்று வாரம் நச்சரித்த பிறகு பதினோரு பக்கமும் வந்து சேர்ந்தது. இப்போது அது படகுப் பத்திரத்தோடு அவன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. ஒப்பந்தம் மே 31-ல் முடிகிறது. கோயில் காலண்டரில் டிசம்பர் 1-ஐ அவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.